அந்தச் சிவப்புக் குறியை எடுத்துவிடுங்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் குடல் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம் நடத்திவரும் மருத்துவக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் தெருவில் நீங்கள் கொடுத்த வழவழப்பான நோட்டீஸ் உங்களுக்கு நினைவிருக்கும். 'கொழுப்பைத் தவிர்ப்போம், குடலைக் காப்போம்' என்று தலைப்பு. கீழே ஆட்டுக்கறி, வெண்ணெய், வடை, பக்கத்திலேயே ஒரு சாளை மீன். எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் சிவப்புப் பெருக்கல் குறி. அந்த மீனின் மேல் விழுந்த குறியைப் பற்றித்தான் இந்த மடல்.

என் அப்பா 40 வருடம் நாட்டுப்படகில் போனவர். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து எட்டு மாதம் கைவைத்தியம் பார்த்தார். கடைசியில் மதுரையில் பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். உடம்பில் 12 கிலோ இறங்கிவிட்டது. 'மீன் நல்லாச் சாப்பிடுங்க' என்றுதான் அங்கே டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் அது வாய்வார்த்தை. உங்கள் நோட்டீஸோ கலரில், முத்திரையோடு வந்தது. அப்பா அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டார்.

அம்மா விடியுமுன் கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர். பாறையில் கிழிந்த விரல்களோடு கரையேறி, வரும் வழியில் சூடையோ சாளையோ வாங்கிவந்து குழம்பு வைக்கிறார். அப்பா தட்டை லேசாகச் சாய்த்து எண்ணெய் மிதக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் மீனை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரசத்துக்கு மாறிவிடுவார். தொட்டுக்கொள்ளப் பொரித்த அப்பளம். அப்பளத்தின் மேல் நீங்கள் குறி போடவில்லையே! 'நோட்டீஸ்ல போட்டிருக்கும்மா' என்பார் என்னிடம். கடலை நம்பியே வாழ்ந்த மனிதர், மீனைப் பார்த்துப் பயப்படுகிறார். அம்மா ஒன்றும் பேசாமல் அந்த மீனை எடுத்துப் பூனைக்கு வைக்கிறார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல வரவில்லை. தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்பதுதான் என் கேள்வி.

கொழுப்பு ஒன்றல்ல. உடம்புக்குள் போனபின் அது என்னவாக உடைகிறது, உடைந்தது எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்பதில்தானே விஷயம் இருக்கிறது? வீட்டில் அப்பாவுக்கு இப்படிச் சொன்னேன்: ஏற்பி என்பது படகில் இருக்கும் வயர்லெஸ் மாதிரி. வெளியே யார் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்து உள்ளே வேலை நடக்கும். செல்லின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. சைக்ளோ ஆக்சிஜனேஸ்-2 என்ற நொதி அதைப் பிடித்து மாற்றும் வழியில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற சேதி சொல்லும் பொருள் உருவாகிறது. பெருங்குடல் புற்றுக் கட்டிகள் பலவற்றில் இந்த நொதி அளவுக்கு மீறிக் கிடக்கிறது. அந்த ஈ2, செல்லின் மேல் உள்ள இபி2, இபி4 ஏற்பிகளில் ஒட்டியதும் உள்ளே உத்தரவு போகிறது: பெருகு, சாகாதே, ரத்தக் குழாயை இழுத்து வா.

சாளையில் இருப்பது ஈபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 அமிலங்கள். ஈபிஏயும் அதே நொதியிடம்தான் போகிறது. ஆனால் அதிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் ஈ3, இபி4இல் மங்கலாகத்தான் பேசுகிறது. வயர்லெஸ் ஒன்றுதான், குரல்தான் வேறு. ஆட்டுக்கறியின் மேலும் சாளையின் மேலும் ஒரே சிவப்புக் குறியா?

சாளை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. 25,871 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த வைட்டல் ஆய்வில், ஒமேகா-3 மாத்திரை புற்றுநோய் வருவதைக் குறைக்கவில்லை. இதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் முகாம் முடிந்த மறு வாரமே ஒருவர் பையோடு வந்து, டப்பா 900 ரூபாய் என்று மீன் எண்ணெய் மாத்திரை விற்றுவிட்டுப் போனார். எங்கள் தெருவில் நாலு வீட்டில் இப்போது மீன் கிடையாது, மீன் மாத்திரை உண்டு.

நோட்டீஸில் நார்ச்சத்துக்கு ஒரு வரிகூட இல்லை. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்தால் பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலம் கிடைக்கிறது. அதைக் கேட்கும் ஏற்பி ஜிபிஆர்109ஏ. பெருங்குடல் புற்றுச் செல்கள் அந்த வயர்லெஸ்ஸை அணைத்தே வைத்திருக்கின்றன என்று 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்களில் முத்துசாமி தங்கராஜு, வடிவேல் கணபதி என்ற பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் கண்டது கேப்பையும் பனங்கிழங்கும் விளையும் இந்த மாவட்டத்துக்கு ஒரு வரியாகக்கூட வந்து சேரவில்லை. சாளைப் படம் மட்டும் வந்துவிட்டது.

முகாமை வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தீர்கள். ஆண்கள் கடலில், பெண்கள் பாசியில். வெற்று நாற்காலிகளுக்குக் கொழுப்பின் தீமையை விளக்கிய உங்கள் பொறுமையைப் பாராட்ட வேண்டும். தேசியத் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கருப்பைவாய் என மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை, குடலுக்கு இல்லை. சரி, அது உங்கள் கையில் இல்லை. 'ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்' என்று ஒரு வரி அச்சடிப்பதுமா கையில் இல்லை? அந்த வரி முன்பே வந்திருந்தால் எட்டு மாதம்...

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான். தயவுசெய்து அந்த மீன் மேல் உள்ள குறியை எடுத்துவிட்டு நோட்டீஸைத் திருத்தி அச்சிடுங்கள். முடிந்தால் அடுத்த முகாமை ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில், பொழுது சாயும் நேரத்தில் வையுங்கள். விசைப்படகு ஆட்களாவது கரையில் இருப்பார்கள்.

புது நோட்டீஸில் ஒன்றை எங்கள் வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள், அதே முத்திரையோடு. பழையதை நான் கிழித்தால் அப்பா நம்பமாட்டார்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு மகள்