பிரப்பன்வலசை கடலில் கயாக் போட்டி நடத்த, மாற்று வார இறுதியையும் சேர்த்து ஒரே ஆணையாக அனுமதி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கடல் கயாக் குழு உறுப்பினர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: பிரப்பன்வலசை பாக் விரிகுடாக் கரையில் இரண்டு நாள் கயாக் போட்டியும் கூட்டுத் துடுப்புப் பயணமும் நடத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் மார்ச் மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களும் பிரப்பன்வலசைக் கடற்கரையில் கயாக் (சிறு துடுப்புப் படகு) நிகழ்ச்சி நடத்த விரும்புகிறோம். சனிக்கிழமை 5 கி.மீ., 10 கி.மீ. போட்டிகள். ஞாயிற்றுக்கிழமை போட்டி கிடையாது. எல்லோரும் சேர்ந்து கரையை ஒட்டி 12 கி.மீ. போய்த் திரும்புவோம். மொத்தம் 60 பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம்.

இதில் எங்கள் முதன்மையான கோரிக்கை ஒன்றுதான். அனுமதி ஆணையில் அந்த வார இறுதியோடு அதற்கடுத்த வார இறுதியையும் மாற்று நாட்களாகச் சேர்த்துத் தர வேண்டும். ஒரே தேதிக்கு மட்டும் அனுமதி இருந்தால், வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிய பிறகு காற்று எழும்பினாலும் போட்டியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. துடுப்புப் போட்டிகளில் விபத்துக்கு வழிவிடுவது பெரும்பாலும் இந்தத் தயக்கம்தான். கையில் இன்னொரு தேதி இருந்தால் "இன்று வேண்டாம்" என்று சொல்வது எளிது.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கரை வடக்கைப் பார்த்தது. வாடைக் காலத்தில் அலை கரையை நோக்கி வரும். கயாக் கவிழ்ந்தாலும் ஆளும் படகும் கரைப் பக்கமே ஒதுங்குவார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிலைமை நேர்மாறு. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரத் தண்ணீர் குளம் போல அலையில்லாமல் கிடக்கும். பார்ப்பவர்கள் அமைதியான கடல் என்றே நினைப்பார்கள். ஆனால் துடுப்பைத் தவறவிட்ட ஒருவரை அந்தக் காற்று ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு கி.மீ. வெளியே தள்ளிவிடும், துடுப்பு கையில் இருந்தாலும் காற்றை எதிர்த்துத் திரும்புவது புதியவர்களால் ஆகாது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் கோடை விடுமுறையை விட்டுவிட்டு, வாடை தணிந்து கச்சான் தொடங்காத மார்ச் மாதத்தைக் கேட்பது இதனால்தான்.

முந்தைய நாள் மாலை மத்திய அரசின் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பார்ப்போம். அன்று காலை 5.30 மணிக்குக் கரையில் காற்றுமானியால் அளப்போம். மணிக்கு 20 கி.மீ. தாண்டினால் போட்டி இல்லை. முதல் சுற்று 6.45 மணிக்குப் புறப்படும். 10 மணிக்குள் கடைசிக் கயாக் கரையேறிவிடும். அதற்குப் பிறகு கடற்காற்று ஏறத் தொடங்கும், வெயிலும் தாங்காது. தொடக்கி வைக்கச் சிறப்பு விருந்தினர் எவரையும் அழைக்காததற்கும் இதுவே காரணம்: அவர் வரும்வரை காத்திருந்தால் 6.45 மணிப் போட்டி 9 மணிக்குத்தான் தொடங்கும்.

பாதை கரைக்கு இணையாக 2.5 கி.மீ. கிழக்கே போய்த் திரும்பும் 5 கி.மீ. சுற்று, 10 கி.மீ. போட்டிக்கு அதையே இருமுறை சுற்ற வேண்டும். பாம்பன் கால்வாய்ப் பக்கமோ மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கமோ போவதில்லை. மிதவைகளை மணல் மூட்டை கட்டி மணல் திட்டுகளில் மட்டும் நிறுத்துவோம். கடல்தாழை (கடற்புல்) வளர்ந்த இடத்தில் நங்கூரம் போட்டால் அது வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். மகளிர் குழுக்களின் பாசி வளர்ப்பு மூங்கில் தெப்பங்கள் எங்கே கட்டப்பட்டுள்ளன என்பதையும் நண்டு வலை விரிக்கும் இடங்களையும் கிராமத் தலைவர்களோடு போய்ப் பார்த்துப் பாதையைக் குறிக்க விரும்புகிறோம். சுக்கானில் வலை சிக்கினால் கயாக்கும் கவிழும், மீனவரின் வலையும் கிழியும். மீன்வளத்துறை அலுவலர் ஒருவர் உடன் வந்தால் பிற்பாடு பேச்சுக்கு இடமிருக்காது. விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல டோக்கன் வழங்கும் நாட்களையும் அவர்களிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தண்ணீர் மட்டத்திலிருந்து மூன்றடிகூட உயராது. விசைப்படகு ஓட்டுபவருக்கு அது கண்ணில் படுவது கடினம்.

மீட்புக்கு உள்ளூர் நாட்டுப்படகுகள் நான்கை, டீசலும் கூலியும் கொடுத்து அமர்த்துவோம். திரும்பும் மிதவையருகே எப்போதும் ஒரு படகு நிற்கும், ஏனெனில் கயாக்குகள் ஒன்றோடொன்று மோதிக் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். ஞாயிறு பயணத்தில் எட்டுப் பேருக்கு ஒரு குழு. முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர், 15 மீட்டர் இழுவைக் கயிறு இருவரிடமும் இருக்கும். லைஃப் ஜாக்கெட்டும் விசிலும் இல்லாதவரைத் தண்ணீரில் இறக்க மாட்டோம். கவிழ்ந்த பிறகு அடுத்தவர் உதவியோடு மீண்டும் ஏறிக் காட்டாதவருக்கு 10 கி.மீ. போட்டியில் இடமில்லை.

வாடகைக் கயாக்குகளில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்றுண்டு. பின்பக்க வடிகால் மூடி தொலைந்திருக்கும், அல்லது மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் ஏறுவது வெளியே தெரியாது. அரை மணி நேரம் கழித்துப் படகு தள்ளாடத் தொடங்கியதும் ஓட்டுபவர் தன் சமநிலையைத்தான் சந்தேகிப்பார். ஆகவே ஒவ்வொரு கயாக்கையும் இறக்கும் முன் மூடியைத் திருகிப் பார்த்து, சோதித்ததற்கு அடையாளமாக வண்ண நாடா கட்டுவோம்.

தொடர்புக்கு எங்களிடம் வி.எச்.எஃப். ரேடியோ கருவி இல்லை, உரிமமின்றி வைத்திருக்கவும் கூடாது. கடலோரக் காவல் குழுமத்தினர் இருவர் தங்கள் கருவியோடு கரைக் கட்டுப்பாட்டு மேசையில் இருந்தால் போதும். பங்கேற்பாளர்களின் அடையாள அட்டை நகல்களைப் பத்து நாள் முன்னதாகவே அவர்களிடம் ஒப்படைப்போம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் ட்ரோன் பறக்கவிட மாட்டோம். பொதுத்தேர்வு நேரம் என்பதால் ஒலிபெருக்கியும் வேண்டாம். கொடியும் விசிலுமே போதும்.

கரையில் தேவைப்படுபவை சில. இரு நாட்களும் காலை 6 முதல் 11 வரை 108 ஆம்புலன்ஸ் ஒன்று, தற்காலிகக் கழிப்பறை நான்கு, குடிநீர் லாரி ஒன்று. ஆளுக்கு 3 லிட்டர் என்றால் ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 180 லிட்டர் வேண்டும். உப்பு படிந்த கயாக்குகளையும் சுக்கான் கம்பிகளையும் கழுவ அதற்கும் மேல். ஆழம் குறைந்த கடல் என்பதால் திருக்கை முள் குத்துவதும் சொறி (ஜெல்லி மீன்) படுவதும் நடக்கும். வெந்நீர், வினிகர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

மீன்வளத்துறை, வனத்துறை, சுற்றுலாத் துறை, கடலோரக் காவல் குழுமம், மண்டபம் கடலோரக் காவல்படை நிலையம் என ஐந்து இடங்களில் தனித்தனியே தடையின்மைச் சான்று வாங்கும்போது, முதல் சான்றின் தேதி கடைசிச் சான்று வருவதற்குள் காலாவதியாகிவிடுகிறது. தங்கள் தலைமையில் இத்துறையினரை ஒரே நாளில் கூட்டி, இரண்டு வார இறுதிகளுக்கும் செல்லும் ஒரே ஆணையை நிகழ்ச்சிக்கு மூன்று வாரங்களுக்கு முன்னதாக வழங்கிட வேண்டுகிறோம். எந்த வார இறுதியில் நடக்கும் என்பதை வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள் அனைத்துத் துறைகளுக்கும் எழுத்து மூலம் தெரிவிப்போம். போட்டி நாள் காலையில் தங்கள் அலுவலர் எவரேனும் கடல்நிலை சரியில்லை என்று கருதினால் அவர் சொல்லே முடிவு.

இணைப்பு: பாதை வரைபடம், மீட்புத் திட்டம், கருவிகள் பட்டியல், காப்பீட்டு விண்ணப்ப நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கடல் கயாக் குழு.

நகல்: மேற்கண்ட ஐந்து துறை அலுவலர்களுக்கும்.