உப்புத் தண்ணியும் உளுந்தங்களியும்

ஏல சுடலை,

உன் மக கல்யாணத்துக்கு வராததுக்கு ஏச வேண்டியதெல்லாம் போன்லயே ஏசிட்ட. மிச்சம் இருந்தா இதைப் படிச்சிட்டு ஏசு. இங்கன எல்லாரும் சுகம். மதினிக்கு முட்டுவலி தேவலையா? நம்ம ‘மைக்ரோமீட்டர்’ வாத்தியாரை வள்ளியூர்ச் சந்தையில பார்த்தேன். முருங்கைக்காயை விரலால அளந்து வாங்கிக்கிட்டிருந்தார். மனுசன் மாறவே இல்ல.

கல்யாணத்தன்னைக்கு எங்கல போனேன்னு கேட்டேல்லா? பட்டறையிலதான் கிடந்தேன். மில்லிங் மிஷின் ஸ்பிண்டில் பேரிங் போயிட்டு. போக்கினது அக்கா மகன், காலேஜுல ஆராய்ச்சி பண்ணுதானே, அந்தக் கோட்டிக்காரன். “மாமா, அலுமினியத்தை உருக்காம கிண்டணும், உங்க மிஷினைத் தாங்க”ன்னு வந்து நின்னான். தகடு சீக்கிரம் தேயாம இருக்க, அதுல 2 மில்லி அகலத்துக்குக் காடி வெட்டி, சிலிக்கான் கார்பைடு பொடியைத் திணிக்கணும். நம்ம கிரைண்டிங் கல்லுல இருக்குமே, அதே சாமான்தான். மொட்டை டூலால காடி வாயை மூடிட்டு, நுனியில குச்சியாட்டம் ‘பின்’ வச்ச டூலை நிமிசத்துக்கு 1,000 சுத்துல இறக்கிப் பைய நகத்தணும். அலுமினியம் உருக 660 டிகிரி வேணும்லா? அவ்வளவு தூரம் போகவே கூடாதாம். உரசுத சூட்டுலயே இளகிப் பொடியை உள்ள வாங்கிக்கிடுது.

1991ல இங்கிலாந்துல தகட்டை ஒட்ட வைக்கக் கண்டுபிடிச்ச வித்தையாம் இது. “உருக்கி ஊத்துனா என்னல?”ன்னேன். உருகின அலுமினியத்துல அந்தப் பொடி கிடந்தா அலுமினியம் கார்பைடு உண்டாயிருமாம். அது ஈரம் பட்டா உதிர்ந்து போவும். கடக்கரைக்கு ஆவாத சரக்கு.

கடக்கரைன்னதும்தான் எனக்குப் புத்தி தட்டுச்சு. உவரிக் கூட்டாளி, படகு அவுட்போர்டு இஞ்சினோட அலுமினிய ப்ரொப்பல்லரைக் கொண்டாந்து காட்டினான். இதழ் ஓரமெல்லாம் எலி கொறிச்சாப்ல இருக்கு. நம்ம கரை மணல் லேசுப்பட்டதா? கார்னெட்டு, இல்மனைட்டுன்னு கெட்டியான தாது கலந்து கிடக்கு. ஆழமில்லாத இடத்துல உப்புத்தாள் போட்டாப்ல தேய்ச்சிருது, தேய்ஞ்ச இடத்தை உப்பு அரிச்சிருது. இதுல அந்தப் புண்ணியவான், தான் அரிஞ்சு இஞ்சினைக் காப்பாத்த வச்சிருக்க துத்தநாகக் கட்டி மேலயும் அழகா பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான்! தண்ணி தொடலன்னா அது எப்படிவே வேலை செய்யும்?

சரி, கிண்டின தகட்டுக்கு வாரேன். சாதாத் தகடு ஒண்ணு, இது ஒண்ணு, ரெண்டையும் ஒரே பாரத்துல உப்புத்தாள்ல தேய்ச்சு, நகை ஆசாரி தராசுல நிறுத்தேன். கிண்டினதுல தேய்மானம் பாதிக்கும் கீழ. எனக்குத் தலைகால் புரியல. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 35 கிராம் தூத்துக்குடி உப்பைப் போட்டு, வீட்டு ஊறுகாய்ப் பரணியிலயே ரெண்டையும் முக்கி வச்சேன். (வீட்டுக்காரி இன்னும் பேசல.) ஒம்பதாம் நாள் எடுத்தா, சாதாத் தகடு மங்கி மட்டும் இருந்துச்சு. கிண்டின பட்டை நெடுக வெள்ளைப் பொடி. துடைச்சா அடியில ஊசி குத்தினாப்ல கருப்புப் புள்ளி. அன்னைக்கு ராத்திரி சோறே இறங்கலடே. தேய்மானத்தை நிப்பாட்டப் போயி அரிப்பைக் கூட்டி வச்சிருக்கேன்!

அறுத்துப் பார்த்தா, பொடி அங்கங்க கட்டி தட்டிக் கிடக்கு. ஆச்சி உளுந்தங்களி கிண்டையில ஒரே பக்கமா துடுப்பைப் போட்டா ஏசுவாள்லா, அதே கதை. கட்டிக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல இருக்க இண்டுல உப்பு போய் உக்காந்துக்கிடுது. பத்தாததுக்குச் சிலிக்கான் கார்பைடு கொஞ்சம் மின்சாரம் கடத்தும். உப்புத் தண்ணியில அது பேட்டரி மாதிரி ஆயிரும், பக்கத்துல இருக்க அலுமினியம்தான் அதுக்குப் பலி.

இப்ப அலுமினா, அதான் அலுமினியம் ஆக்சைடு, அந்தப் பொடிக்கு மாறியாச்சு. அது கரண்டு கடத்தாது. ஒரே தடவைல முடிக்காம, திசையை மாத்தி மாத்தி மூணு தடவை கிண்டினோம். தகடு பரணியில கிடக்கு, இன்னைக்கு ஆறாம் நாள். மூடியைத் தொறக்கப் பயமா இருக்கு. இது தேறினாலும் ப்ரொப்பல்லர் இதழ் வளைஞ்சில்லா இருக்கு? என் மிஷின் நேர்கோட்டுலதான் போவும். மொதல்ல பம்பு மூடி மாதிரி தட்டைச் சாமானா பார்க்கணும்.

உன் கம்பெனிப் பழைய சாமான்ல சூடு தாங்குத எச்-13 டூல் ஸ்டீல் உருண்டைக் கம்பி, 20 மில்லி கனத்துல, துண்டு துக்கடா கிடந்தா பஸ்ல போட்டு விடு. டூல் ‘பின்’ ரெண்டு முறிஞ்சாச்சு. பேரிங் காசையும் நீ தந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையையும் பிள்ளையையும் ஆடிக்குக் கூட்டிட்டு வா, விருந்து என் வீட்டுல. ஊறுகா மட்டும் கடையிலதான்.

உன்,
பேட்டை ஐ.டி.ஐ. கடைசி பெஞ்சு