என் வலக்கையை இரு முறை காத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கடந்த ஆண்டு மாசி மாதம் மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு வீட்டுத் தச்சு வேலையின்போது, யன்னல் கண்ணாடி உடைந்து என் வலது மேற்கையின் உட்புறத்தை ஆழமாகக் கிழித்தது. பீறிட்ட குருதியைக் கண்டு கலங்காமல், தோளிற் கிடந்த துவாயை மடித்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வரும்வரை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்த என் உதவியாள் தம்பிக்கும், அறுந்த நாடியை, அதாவது இதயத்திலிருந்து கைக்குக் குருதி கொண்டுவரும் குழாயைத் தைத்த சத்திரசிகிச்சை நிபுணருக்கும், அன்றிரவு எனக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தைத் தந்த முகமறியாதவர்களுக்கும் முதல் நன்றி உரியது.

கை பிழைத்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினோம். விரல்கள் அசைந்தன, உணர்வும் இருந்தது. ஐந்தாவது வாரத்திற்தான் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகத் தொடங்கின. இரவில் எரிச்சல், பகலில் ஓர் ஆணியைக்கூடப் பிடிக்க இயலவில்லை. காட்டிய இடத்தில், மணிக்கட்டில் நாடி நன்றாகத் துடிப்பதால் பயமில்லை, காயம் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். நாடித்துடிப்பு இரத்த ஓட்டத்தைக் காட்டுமேயன்றி, நரம்பின் நிலையைக் காட்டாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தவர், கைக்குப் பயிற்சி தந்த இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) அக்கா. தழும்பின் கீழிருந்த சிறு வீக்கத்தில் உள்ளங்கையை வைத்தவர், அது நாடியோடு சேர்ந்து துடிப்பதை உணர்ந்ததும் பயிற்சியை நிறுத்தி, என்னைத் தாமே வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். அன்றே எடுத்த ஸ்கேனில், தைத்த இடத்தில் நாடி கசிந்து, வெளியே குருதி ஒரு பைபோலத் தேங்கி, நாடியை ஒட்டியே ஓடி, மரத்துப்போன அந்த விரல்களுக்குச் செல்லும் நடு நரம்பை நசுக்குவது தெரிந்தது. மறுநாட் காலையே அதை அகற்றி, காலிலிருந்து எடுத்த நாளத் (குருதியை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) துண்டால் நாடியைச் செப்பனிட்டார்கள். இன்னும் சில வாரங்கள் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை.

சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளருமாம். மேற்கையிலிருந்து விரல்நுனிவரை அரை மீற்றருக்கும் அதிகம். அளவுகோலோடு வாழும் தச்சனுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது, மனம் ஏற்கத்தான் நாட்சென்றது. சூடு தெரியாத விரல்கள் வெந்துவிடுமென்று தேநீரை ஆற்றியே தந்த மகளுக்கும், வாரந்தோறும் கிளினிக்கிற்கு ஏற்றிச் சென்று பெற்றோல் காசுகூட வாங்க மறுத்த ஆட்டோ மச்சானுக்கும் என்ன சொல்வது!

14 மாதங்களின் பின், சென்ற வாரம் பெருவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. நுனிகளில் உணர்வு இன்னும் முழுமையாக இல்லை. பாதியில் விட்ட அந்த யன்னலை, கூலி வாங்காமல் முடித்துக் கொடுத்த சக தச்சர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த மாதம் அவர்களது பட்டறையில் இழைப்பு வேலைக்கு வருகிறேன்.

இங்ஙனம்,
படுவான்கரைத் தச்சுத் தொழிலாளி ஒருவர்