தலைமையாசிரியர் நாற்காலிக்கு வரும் வழி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் அவர்களுக்கும், வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகிய 7 ஒன்றியங்களிலிருந்து வந்திருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் ஒரே பொருளைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசினோம். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர் தலைமையாசிரியர் ஆவதற்குள் எதைக் கற்றிருக்க வேண்டும்? ஆனபின் எதைக் கைவிடக் கூடாது? ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியருக்கும் வகுப்பு உண்டு. அந்த வகுப்புதான் அவருடைய முதல் வேலை, அலுவல் அதற்குப் பிறகுதான் என்பது நம் சங்கத்தின் நிலைப்பாடு.

பணி வழி எல்லாரும் அறிந்ததே. ஆசிரியர் பட்டயப் பயிற்சி, ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாள், இடைநிலை ஆசிரியர் பணி, அதன்பின் முன்னுரிமைப்படி, அதாவது பணிமூப்பு வரிசைப்படி, தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். பட்டமும் பி.எட்.டும் உள்ளவர்களுக்குப் பட்டதாரி ஆசிரியர், நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் என்று இன்னொரு கிளை உண்டு. ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 மாநில அளவுக்கு மாற்றியதில், சொந்த ஒன்றியத்திலேயே உயர்வு கிடைக்கும் என்று காத்திருந்த பலரின் கணக்கு கலைந்தது.

அடுத்து 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தகுதித் தேர்வில் தேறாமல் பணியில் இருப்பவர்களில், ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் 2 ஆண்டுக்குள் அதில் தேற வேண்டும். அதற்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம். தேறாமல் பதவி உயர்வு மட்டும் கிடையாது. முதல் தாளில் 150 வினாக்கள்: குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், தலா 30. குழந்தை வளர்ச்சிப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். உளவியலாளர் பியாஜே சொன்ன அறிவு வளர்ச்சிப் படிநிலைகளை ஒப்பித்தால் மட்டும் போதாது, வகுப்பறையில் ஒரு குழந்தை செய்வதைக் காட்டி அது எந்த நிலை என்று கேட்பார்கள்.

பணிப்பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது புரட்டிப் பாருங்கள். சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் பதிவேட்டில் வேறொன்றும் இருப்பது, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை பதியப்படாதது, 10 ஆண்டுப் பணிக்கான தேர்வுநிலை, 20 ஆண்டுப் பணிக்கான சிறப்புநிலை ஆகிய ஊதிய நிலைகள் விடுபடுவது ஆகியவையே வழக்கமான குறைகள். முன்னுரிமைப் பட்டியல் வெளியான பிறகு ஓடினால் சரிசெய்வது கடினம்.

பொறுப்பேற்கும் நாளில் இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருள்களை எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். எண்ணாமல் போட்டால் முன்பு தொலைந்ததற்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டிவரும். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 மாணவர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் இல்லாமல் மார்ச் கடைசியில் அவசரமாகச் செலவழிப்பதுதான் தணிக்கையில் சிக்கலாகிறது.

இனி வகுப்பறை. 2022-இல் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது முதல் பிள்ளைகளைக் கற்றல் நிலையின் ஏறுவரிசையில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். ஆனால் பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடும் குழந்தை, படிக்கத் தெரியாமலே மலரில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உண்மை நிலை மூன்றாம் வகுப்பில்தான் தெரியவருகிறது. அதனால் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, பாடநூலில் இல்லாத 10 சொற்களைப் படிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒகர, ஓகார வரிசையில்தான் நிற்கும். 'கொ' எழுத்தில் குறி முன்னும் பின்னும் வருவதால் குழந்தை 'கெ' என்று தொடங்கி, துணைக்காலைத் தனியாகப் படிக்கிறது. அதற்கு மீண்டும் முழு அரிச்சுவடி வேண்டாம். கெ, கே, கொ, கோ நான்கையும் அருகருகே எழுதி ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் போதும்.

பேரணாம்பட்டில் உருதும், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் தமிழ் வழியில் சேரும்போது முதல் மாதங்களில் பேசவிட வேண்டும், எழுத்தைப் பிறகு பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளை 'மெதுவாகக் கற்பவர்' பட்டியலில் சேர்ப்பது அநியாயம். வீட்டு மொழி வேறு என்பதைத் தவிர அவர்களிடம் ஒரு குறையும் இல்லை.

பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுகளைக் காலை முதல் பாடவேளையில் செய்ய வேண்டியிருக்கிறது என்ற முறையீடு எல்லா ஒன்றியங்களிலிருந்தும் வந்தது. வருகைப் பதிவு தவிர மற்றவற்றை மாலை 3 மணிக்குப் பின் செய்ய அனுமதிக்கக் கோரும் தீர்மானத்தை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்