அல்பாக்காவின் நல்ல தோல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்காவில் கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்கா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அது சேர்ந்த ஒட்டகக் குடும்பத்து விலங்குகளின் ரத்தத்தில் இருக்கும் அந்தக் குட்டி ஆன்டிபாடிகளை (நோய் எதிர்ப்புப் புரதங்களை) பெல்ஜியத்தில் கண்டறிந்து 1993இல் வெளியிட்ட கதையை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் நோய் தாக்கிய பிறகுதான் எதிர்ப்புச் செல்கள் தோலுக்கு வருகின்றன என்பதுபோல் எழுதியது எனக்கு உறுத்தியது. கால்நடை ஆய்வகம் ஒன்றில் பல வருடம் தோல் துண்டுகளைச் சீவி ஸ்லைடு போட்டவன் நான்.

நோயில்லாத தோலிலும் அந்தச் செல்கள் குடியிருக்கின்றன. மனிதத் தோலில் மட்டும் டி செல்கள் என்னும் எதிர்ப்பு வெள்ளணுக்கள் சுமார் 2000 கோடி இருப்பதாகக் கணக்கு. ரத்தத்தில் ஓடுவதைப் போல இரண்டு மடங்கு. மேல்தோலில் கிளைவிட்டு நிற்கும் இன்னொரு எதிர்ப்புச் செல்லான லாங்கர்ஹான்ஸ் செல்லை 1868இலேயே பெர்லினில் ஒரு மருத்துவ மாணவர் பார்த்துவிட்டார். நரம்புச் செல் என்று நினைத்துக்கொண்டார், பாவம். அதன் உண்மையான வேலை புரிய நூறு வருடம் ஆனது.

சரி, அல்பாக்காவுக்கு வருவோம். சொறி அதற்கு அடிக்கடி வரும். சுரண்டிப் பார்த்தால் பல சமயம் பூச்சி சிக்காது. அப்புறம் மருத்துவர் ஒரு துண்டு தோலை வெட்டி அனுப்புவார். டொலுயிடின் நீலச் சாயத்தில் மாஸ்ட் செல்கள், அதாவது அலர்ஜியில் பங்குள்ள எதிர்ப்புச் செல்கள், ஊதா மணிகளோடு தெரியும். அவை நோயால் கூடினவையா, எப்போதும் இருப்பவையா? நல்ல தோலில் எத்தனை இருக்கும் என்று முன்பே எண்ணி வைத்திருந்தால்தான் சொல்ல முடியும். நாய், ஆட்டின் கணக்கை அப்படியே கடன் வாங்க முடியாது. காதில் எடுத்த துண்டும் முதுகில் எடுத்ததும்கூட ஒன்றல்ல. இன்னொரு வம்பு, செல்லை அடையாளம் காட்ட ஆய்வகத்தில் நாங்கள் ஸ்லைடில் போடும் ஆன்டிபாடிகளில் பல மனிதருக்கோ வேறு விலங்குக்கோ தயாரித்தவை. அல்பாக்கா செல்லில் ஒட்டாவிட்டால் நிறம் வராது. நாம் செல்லே இல்லை என்று எழுதிவிடுவோம்.

நல்ல தோலை வெட்டக் கேட்டால் யாரும் லேசில் சம்மதிப்பதில்லை. "நல்லா இருக்கிற மாட்டை எதுக்கு சார் வெட்டறீங்க?" என்று ஒரு விவசாயி கேட்டதற்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இருப்பது அல்பாக்கா அல்ல, அதன் உறவு விலங்கான லாமா. வாழைப்பழம் போல வளைந்த காதைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கும்பகோணம்