சிறுமலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடமாகச் சிறுமலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்து மலையை நாலு பேருக்குச் சொன்னதற்கு நன்றி. ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஏறி, எட்டு இடங்களைப் பார்த்துவிட்டு நான்கு மணிக்குள் இறங்கிவிடலாம் என்று போட்டிருந்தது மனதை உறுத்தியது. அப்படிப் போய் ஏமாந்து திரும்பியவள் நான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு வாடகைக் காரில் போனோம். நேரமாகிறது என்று ஓட்டுநரை விரட்டினோம். சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் மகன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். மேலே போய் சின்ன ஏரியில் ஒரு போட்டோ, ஒரு கடையில் டீ, ரோட்டோரத்தில் நின்று இன்னொரு போட்டோ. அவ்வளவுதான். பகல் இரண்டு மணிக்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று கீழே இறங்கிவிட்டோம். "இதுக்குப் பேசாம கொடைக்கானலுக்கே போயிருக்கலாம்" என்று என் கொழுந்தனார் சொன்னார். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் இரண்டு வருடம் கழித்து என் அம்மாவோடு போனேன். தாத்தாவுக்கு மதுரை யானைக்கல் பக்கத்தில் பழக்கடை இருந்தது. கடை வாசலில் சிறுமலை வாழைப்பழத்தைத் தார் தாராகக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பாராம். அறுபது வருடமாக அந்தப் பழத்தைத் தின்றிருக்கிறேன், அது வருகிற ஊரைப் பார்த்ததில்லை என்று அம்மா அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். சரி, போவோம் என்று ஒரு புதன்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். திண்டுக்கல்லில் இறங்கி சிறுமலை பஸ் பிடித்தோம். அங்கிருந்து 25 கிலோமீட்டர் போல இருக்கும்.

முதல்முறை போகிறவர்கள் இந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். பஸ் மெதுவாகப் போகிறது, அதனால் வயிற்றைப் புரட்டுவதில்லை. முன்பக்கமாக உட்கார்ந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். அடிவாரத்தில் முள்ளும் புதருமாக நம் மதுரைப் பக்கத்து வெயில் காடுதான். நாலைந்து வளைவு தாண்டியதும் மரங்கள் உயர ஆரம்பிக்கின்றன. இன்னும் மேலே போனால் ஜன்னலில் வருகிற காற்றே வேறாகிவிடுகிறது. ஒரு வளைவில் திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு கூழாங்கல் அளவுக்குக் கீழே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் எங்கள் பையைப் பார்த்துவிட்டு, "புதுசா வர்றீங்களா? வெள்ளிமலைக்குப் போறதா இருந்தா முதல்ல அங்க போயிருங்க, வெயில் ஏறிட்டா அம்மாவால ஏற முடியாது" என்றார். எந்தப் பட்டியலிலும் எனக்கு இந்த யோசனை கிடைக்கவில்லை.

வெள்ளிமலை என்பது அகஸ்தியர்புரம் என்ற ஊருக்கு மேலே இருக்கும் சிவன் கோயில். அகத்தியரும் சித்தர்களும் இருந்த இடம் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுதான் சிறுமலை என்றும் சொல்கிறார்கள். நாங்கள் நின்று நின்று ஏறியதில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலே வேறு யாருமே இல்லை. அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மேகம் வந்து எதிர்மலையை மூடும், கொஞ்ச நேரத்தில் விலகும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பௌர்ணமி நாளில் அங்கே கூட்டம் இருக்கும். அமைதி வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள்.

அடுத்தது பழம். மற்ற இடங்களை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன். சிறுமலை வாழை தண்ணீர் பாய்ச்சி வளர்வதில்லை. காப்பிச் செடியோடும் பலா மரங்களோடும் மலைச்சரிவில் மழையை நம்பியே நிற்கிறது. அதனால் பழத்தில் ஈரப்பசை குறைவு. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே சதை கெட்டியாக இருக்கும், இனிப்போடு லேசான புளிப்பும் இருக்கும். பழநி பஞ்சாமிர்தம் தண்ணீரே சேர்க்காமல் பல நாள் கெடாமல் இருப்பதற்கு விருப்பாட்சி, சிறுமலை போன்ற இந்த மலைப்பழங்களும் ஒரு காரணம். பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறுமலைப் பழத்துக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் 1970-களிலிருந்து முடிக்கொத்து நோய் தாக்கி ஏராளமான தோட்டங்கள் அழிந்தன. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் அது. நோய் வந்த வாழை தார் போடாது, குருத்தெல்லாம் கொத்தாகக் குறுகி நின்றுவிடும். இன்று மதுரைத் தெருவில் தள்ளுவண்டிக்காரர் சிறுமலைப் பழம் என்று சொல்லி விற்பதெல்லாம் சிறுமலையிலிருந்து வந்ததாக இருக்காது. மலையிலேயே வாங்கினால் பணம் நேராக விளைவித்தவர் கைக்குப் போகும். நாங்கள் ஒரு சீப்பு வாங்கினோம். அம்மா ஒன்றை உரித்து வாயில் போட்டவுடன், "அப்பா கடைப் பழம்தான்டி" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மலைமேல் இருக்கும் பழையூர் பக்கம் நடந்தபோது எதிரே நாலைந்து குதிரைகள் முதுகில் மூட்டையோடு வந்தன. வண்டி போக முடியாத தோட்டங்களிலிருந்து விளைச்சலை ரோட்டுக்குக் கொண்டுவர இன்றும் குதிரைதான். என் மகன் வயதுப் பையன்களுக்குச் சவாரிக் குதிரை மட்டும்தான் தெரியும், பொதி சுமக்கிற குதிரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட வந்தவர், "குதிரைக்குப் பின்னாடி நிக்காதீங்கம்மா, ஓரமா வாங்க" என்று வழிவிட்டார். பொங்கல் சமயத்தில் இந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, இவற்றுக்கும் பொங்கல் வைப்பார்களாம். இந்தக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது, நேரமும் சொல்ல முடியாது. நிதானமாக நடந்தால் கண்ணில் படும்.

தமிழ் வாத்தியாரம்மாவாக இருந்த என் சிநேகிதி ஒரு விஷயம் சொன்னார். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்கு வழி கேட்கும்போது, மாங்காட்டு மறையோன் சொல்கிற வழிகளில் ஒன்றில் 'தென்னவன் சிறுமலை' வருகிறதாம். அங்கே வாழை, கமுகு, தென்னை, மா, பலா எல்லாம் சூழ்ந்திருப்பதாகச் சொல்கிறானாம். இன்றைக்கும் அங்கே வாழையும் பலாவும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. போவதற்கு முன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போனால் அவர்கள் பார்க்கிற விதமே மாறும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல், சிறுமலையின் ஊர்கள் ஏறத்தாழ அதில் பாதி உயரம்தான். சித்திரை வெயிலில் போய்விட்டுக் குளிரவில்லை என்று குறைப்படக்கூடாது. ஐப்பசி மழைக்குப் பிறகு தை வரை நன்றாக இருக்கும், அப்போது ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பலாப்பழம் வேண்டுமென்றால் கோடையில்தான் போகவேண்டும். பெரிய ஓட்டல்களைத் தேடாதீர்கள். சின்னக் கடைகளில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சோறு ஆக்கித் தருகிறார்கள். கையில் சில்லறை இருக்கட்டும், சிக்னல் எப்போதும் கிடைப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள், காட்டு மாடுகள் சாலைக்கு வரும்.

இனி என் மனக்குறை. அம்மாவோடு போன அந்த முறை ஒரு வளைவில் இறங்கி நின்றபோது காலுக்கடியில் உடைந்த பாட்டில்கள் கிடந்தன. பிரியாணிப் பொட்டலம், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் சரிவில் உருண்டு புதரில் மாட்டியிருந்தன. பாலமேடு பக்கத்தில் சாத்தையாறு அணைக்கு வருகிற தண்ணீர் இந்த மலையில் பெய்கிற மழைதான். குட்லாடம்பட்டி அருவியும் இந்த மலையின் அடியில்தான் விழுகிறது. மேலே நாம் போடுவது நம் வாசலுக்கே வந்து சேரும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், நீதிமன்றமே தலையிட்ட பிறகு வந்த ஏற்பாடு அது. சிறுமலைக்கும் அந்த நிலைமை வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போகிறவர்கள் ஒரு துணிப்பையை எடுத்துப்போய்த் தங்கள் குப்பையைத் தாங்களே கீழே கொண்டுவந்தால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு பை கூட நிறையவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த விடுமுறைக்கு மதுரையிலிருந்து நிறையப் பேர் கிளம்புவார்கள். தயவுசெய்து அடுத்த வாரமே திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் போகும் பேருந்துகளின் நேரத்தையும், கடைசிப் பேருந்து மலையிலிருந்து எப்போது இறங்குகிறது என்பதையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். எட்டு இடங்களின் படங்களை விட அதுதான் எங்களுக்கு உதவும். அம்மாவுக்கு இப்போது முட்டி வலி, வெள்ளிமலை ஏற முடியாது. ஆனாலும் தை மாதம் அந்த பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பழம் வாங்கி வரவேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஆரப்பாளையம், மதுரை.