புதிய தலைவிக்கு, ஒரு பழைய பொருளாளர் எழுதுவது

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன வியாழக்கிழமை நீயும் உன் செயலாளரும் என் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போன கெர்த்தாஸ் கெர்ஜாவை, அதாவது வசதி குறைந்த பிள்ளைகளுக்காக உங்கள் பல்கலைக்கழக மாணவர் கழகம் போட்டிருக்கும் திட்ட அறிக்கையை, இரண்டு தடவை படித்துவிட்டேன். பதினாறு பக்கம். கிளம்பும்போது வாசலில் நின்று, "மூவாயிரம் முடியலன்னா ஆயிரம் வெள்ளிகூடப் போதும்க்கா" என்று மெதுவாகச் சொன்னாயே, அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் கடை கடையாக ஏறி அதே குரலில் கேட்டவள்தான் நான்.

பணம் தருகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பதற்றமில்லாமல் படிப்பாய். உனக்கு மட்டும் எழுதாமல் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உன்னைப் போல வருடத்துக்கு நாலு பேராவது இந்தப் படி ஏறி வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

நான் கணக்கு பார்க்கிறவள், அதனால் நேரே பதினோராம் பக்கத்துக்குத்தான் போனேன். டி-சட்டை அறுபது, ஒன்று 25 வெள்ளி, ஆக 1,500. பேனரும் மேடைப் பின்திரையும் 450. மாதிரிக் காசோலை 150. பிரமுகர்களுக்கு நினைவுப் பரிசு 300. சாப்பாடு 800. பிள்ளைகளுக்குப் பள்ளிப் பையும் நோட்டுப் புத்தகமும் 900. மொத்தம் 4,100 வெள்ளி. அதில் பிள்ளைகள் கைக்குப் போவது 900. ஒரு காசோலையின் படத்தை அச்சடிக்க 150 வெள்ளி ஆகும் என்பது எனக்கு நிஜமாகவே புதுச் செய்தி.

உன்னைக் குறை சொல்லவில்லை. திறப்பு விழா இருந்தால்தான் ஹெப்பில், அந்த மாணவர் விவகாரப் பிரிவில், கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும், பிரமுகர் வந்தால்தான் பேப்பரில் படம் வரும், மெரிட் புள்ளி இருந்தால்தான் அறுபது பேர் திரள்வார்கள், மெரிட் இல்லையென்றால் அடுத்த வருடம் விடுதியில் இடம் கிடைக்காது. இந்தச் சங்கிலி எனக்குத் தெரியும். நானும் இதே மாதிரி பட்ஜெட் போட்டவள்தான். எங்கள் காலத்தில் டி-சட்டை பதிமூன்று வெள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

2003இல் எங்கள் கழகம் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு நடத்தியது. காலை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போவோம். அப்போதெல்லாம் தீவிலிருந்து போக இலவசம், திரும்பி வரத்தான் காசு. பத்து மாதம் விடாமல் போனோம். கடைசியில் நிறைவு விழா, கேடயம், குத்துவிளக்கு, எல்லாம் அமர்க்களம். புதிய செயற்குழு வந்தது, அவர்கள் வேறு திட்டம் போட்டார்கள், எங்களுக்குப் பரீட்சை வந்தது. அடுத்த வருடம் புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் அந்தப் பிள்ளைகளில் ஒருவனின் அம்மாவைப் பார்த்தேன். கோபமே இல்லாமல்தான் சொன்னார்: "நீங்க வருவீங்கன்னு நாலு சனிக்கிழம பாய விரிச்சு வச்சேம்மா. அப்புறம் சுருட்டி வச்சிட்டேன்." கையில் கீரைக்கட்டோடு நின்றேன், பதில் வரவில்லை. எங்கள் நிறைவு அறிக்கையில் 'திட்டம் வெற்றிகரமாக முடிவுற்றது' என்று எழுதியவள் நான். முடிந்தது என்பதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. பதவி ஒரு வருடம். வருகிற ஒவ்வொரு தலைவருக்கும் தன் பெயரில் ஒன்று தொடங்க வேண்டும். அடுத்தவர் தொடங்கியதன் இரண்டாம் வருடத்தை நடத்துவதில் என்ன பெருமை இருக்கிறது? இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்த கெர்த்தாஸ் கெர்ஜாக்களில் 'இரண்டாம் ஆண்டு' என்று தலைப்பிட்ட ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. உன்னுடையதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறாய். அந்தப் பெயரைத்தான் முதலில் விட்டுவிடச் சொல்லப் போகிறேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் பந்தல். மோர் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கையில் திணிப்பார்கள். பந்தல் பிரித்த மறுநாள் அதே சாலையில் நாக்கு வறண்டு நடக்கிறவர் கடையில் காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். பந்தல் தப்பில்லை, அது திருவிழாவுக்கு உரியது. ஒரு நாள் வேலையும் தப்பில்லை. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பேய் மழையில் தீவும் செபராங் பிறையும் மூழ்கினபோது, மறுநாள் பிள்ளைகள் வாளியும் துடைப்பமுமாக வந்து ஊர்பேர் தெரியாதவர் வீடுகளில் சேறு அள்ளினார்கள். அங்கே ஒரு நாள் போதும், சேறு போனால் வேலை முடிந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அப்படி ஒரு நாளில் எதை அள்ளிப்போட முடியும்?

இன்னொன்றும் உறுத்தியது. 'வசதி குறைந்தோருக்கு ஒளியூட்டல்' என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை வந்த காலத்தில் அதன் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க, தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி. கொடுத்தவர்களில் கூலி வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர். நாம் பட்டம் வாங்க வசதி குறைந்தவர்கள் போட்ட காசு அது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வந்தது என்று பார்த்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் இழுப்பறையில் நீல அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. 2019இல் உங்கள் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை வகுப்பு நடத்தினார்கள். போட்டோகாப்பிக் காசு மட்டும் நான் கொடுத்தேன். அந்த நோட்டில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. ஒரு பையன், மலாயில் பாடுவதைச் சொல்லும் 'மெஞாஞி' என்ற சொல்லை 'மென்-யான்-யி' என்று உடைத்து உடைத்துப் படிக்கிறான். ஒரு பெண், தலைவலி என்று அழுதாள், விசாரித்தால் பசியாறாமல் வந்திருக்கிறாள், அடுத்த வாரம் முதல் பாடத்துக்கு முன்னால் ரொட்டி. இன்னொருத்தன் பெருக்கல் எல்லாம் சரி, ஆனால் கேள்வியே புரிவதில்லை. இப்படியே பக்கம் பக்கமாக.

பதினோராவது சனிக்கிழமை ஒரு அம்மா பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு வந்து ஓரமாக நின்றிருக்கிறார். பதினோரு வாரம் கழித்து. முதல் வாரமே வந்திருப்பாரா? ஐந்தாம் ஆண்டு படிக்கிற மகளின் பிறப்புப் பத்திரம் அதற்குள் இருந்தது. அதில் 'புக்கான் வார்காநெகாரா', குடிமகள் அல்ல என்று இருந்தது. அப்பா இங்கேயே பிறந்தவர், அம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவுத் திருமணத்தைக் குழந்தை பிறந்த பிறகுதான் செய்தார்கள். 1982 மார்ச் 1இல் கல்யாணச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, பதிவு செய்யாத கல்யாணத்தைப் பதிவு இலாகா கல்யாணமாக ஏற்பதில்லை. பதிவுக்கு முன் பிறக்கும் குழந்தை அம்மாவின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். இது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐயரும் மேளமும் மண்டபமும் பார்க்கிறோம், பதிவு என்றால் 'அப்புறம் பார்த்துக்கலாம்'.

அந்த ஐவரில் ஒருத்தி சட்டம் படித்தவள். அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில், அப்போது 21 வயதுக்குக் குறைந்தவர்களைச் சிறப்புக் காரணங்களுக்காகக் குடிமக்களாகப் பதிய வழி இருந்ததைத் தேடிப் பிடித்தாள். பாரத்தை மலாயில் நிரப்பினார்கள். தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கினார்கள். இரண்டு விரிவுரையைத் தவறவிட்டு அந்த அம்மாவோடு பதிவு இலாகாவில் நம்பர் எடுத்து உட்கார்ந்தார்கள். எந்தக் கெர்த்தாஸ் கெர்ஜாவிலும் இல்லாத வேலை, மெரிட் பூஜ்யம். ஒரு படம்கூட எடுக்கவில்லை, நான் கேட்டுப் பார்த்தேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி இருக்கிற வீட்டில் வாட்ஸ்அப் வகுப்பு எத்தனை நாள் ஓடும்? ஐவரும் பட்டம் வாங்கிப் போனார்கள். நோட்டைப் புதிய செயற்குழுவிடம் கொடுக்கப் பார்த்தார்கள், 'நாங்கள் வேறு பிளான் பண்ணியிருக்கோம்' என்று பதில் வந்தது. அதனால் என்னிடம் இருக்கிறது. இதற்கிடையில் 2021இல் ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு போனது, அடுத்த வருடம் மூன்றாம் படிவத்தின் பிடி3யும் போனது. தேர்வு போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதன் பிறகு, வாசிக்கத் தெரியாத பிள்ளை ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு வரை யார் கண்ணிலும் படாமலே ஏறி வந்துவிடலாம் என்று ஆனது. பிறப்புப் பத்திரத்துக்கு அலைந்த அந்த அம்மாவின் மகள் இந்த வருடம் ஐந்தாம் படிவம். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவதற்குப் பதிலை எதிர்பார்த்திருக்கிறோம். வயது வரம்பைத் தாண்டுவதற்குள் அது வர வேண்டும்.

ஆகவே என் மூவாயிரத்தை மொத்தமாகத் தர மாட்டேன். மாதம் 250 வெள்ளி, பன்னிரண்டு மாதம். ரொட்டிக்கும் போட்டோகாப்பிக்கும் பஸ் காசுக்கும் அது போதும், கணக்கு போட்டுப் பார்த்துவிட்டேன். அறுபது பேர் வேண்டாம். மெரிட் இல்லை என்று சொன்ன பிறகும் வருகிற ஐந்து பேரைப் பிடி. தலைப்பில் உன் அழகான பெயருக்குப் பதில் 'இரண்டாம் ஆண்டு' என்று போடு. நடுவில் விட்டுப்போன வருடங்களுக்கு ஹெப்பில் என்ன காரணம் எழுதுவது என்று சேர்ந்து யோசிக்கலாம். நீ முடியாது என்று சொன்னாலும் ஆயிரம் வெள்ளி உண்டு, அதை டி-சட்டைக்குச் செலவழிக்காதே, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி வரை ஆபீசில்தான் இருப்பேன். நோட்டை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். வரும்போது செயலாளர் வராவிட்டாலும் பரவாயில்லை, பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா